ஒரு நாள்தான் இருக்கிறது: இங்கிலாந்தின் எந்த வில்லாவைப் பார்ப்பது?

லண்டனில் ஒரு நாள் கையில் இருக்கிறது, அரண்மனைகள் வேண்டாம், பழைய வில்லா ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும், எதற்குப் போகலாம்? இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர், கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள், இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு ஒரு சனிக்கிழமையை உருப்படியாகக் கழிக்க நினைப்பவர்கள் என்று கேட்பவர்கள் பல வகை. எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் 1800 முதல் 1820 வரை கட்டப்பட்ட வீடுகளுக்குள் தேர்வைச் சுருக்கிக்கொண்டால் முடிவெடுப்பது எளிது.

ஏன் அந்த இருபது ஆண்டுகள்? அதற்கு முன்பு பெரிய வீடு என்றால் பிரபுவின் வீடு. ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமும் அதில் வரும் குத்தகைப் பணமும்தான் அந்த வீட்டைத் தாங்கும். வில்லாவுக்கு அவ்வளவு நிலம் தேவையில்லை. நகரத்திலிருந்து குதிரை வண்டியில் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். ஒரு தோட்டம், விருந்தினர் உட்கார இரண்டு மூன்று நல்ல அறைகள், மேலே படுக்கையறைகள், அவ்வளவுதான். அதனால் சொந்தமாகச் சம்பாதித்தவர்களும் கட்டத் தொடங்கினார்கள். நான் இங்கே எழுதப்போகும் வீடுகளில் ஒன்றைக் கட்டியவர் கொத்தனார் மகன், இன்னொருவர் முடிதிருத்துபவர் மகன், மூன்றாமவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்துப் பணத்தோடு திரும்பியவர். தான் யாராக அறியப்பட வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டாரோ, அதை அவருடைய வீட்டின் முகப்பே சொல்லிவிடும். அதனால்தான் இந்த வீடுகளைப் பார்ப்பதில் எனக்கு இவ்வளவு விருப்பம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் காலத்து வீடு இன்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது. இருநூறு ஆண்டுகளில் இந்த வீடுகள் நூலகமாகவும் தொழிற்கூடமாகவும் மாறியிருக்கின்றன. மூலச் சுவர் எது, பிறகு கட்டியது எது என்று தெரியாமல் போனால் பாதி சுவை போய்விடும்.

இரண்டாவது, வழிகாட்டி இல்லாமலே வீடு நமக்குப் புரியுமா? மூன்றாவது, நுழைவுக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் வாசலிலிருந்து வாசலுக்கு ஆகும் மொத்தச் செலவைப் பாருங்கள். ரயில், டாக்ஸி, திறந்திருக்கும் நாள் எல்லாம் அதில் சேர்த்தி. நான்காவது, கூட வருவது யார்? முழங்கால் வலியுள்ள அம்மாவா, ஓடியாடும் ஐந்து வயதுக் குழந்தையா, ஸ்கெட்ச் புத்தகத்தோடு வரும் தோழியா? என் அனுபவத்தில் பயணம் கெடுவது பெரும்பாலும் இந்த நான்காவதைக் கணக்கில் எடுக்காததால்தான்.

## பிட்ஸ்ஹேங்கர் மேனர், ஈலிங்

இதைக் கட்டியவர் ஜான் சோன். கொத்தனார் குடும்பத்தில் 1753இல் பிறந்து, இங்கிலாந்து வங்கியின் கட்டடக் கலைஞராக உயர்ந்தவர். 1800இல் இந்த இடத்தை 4,500 பவுண்டுக்கு வாங்கினார். அங்கே ஏற்கனவே ஒரு வீடு இருந்தது. அதை இடித்தவர், ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவைத்தார். ஜார்ஜ் டான்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1768இல் வடிவமைத்த பக்கம் அது. பதினைந்து வயதில் சோன் வேலைக்குச் சேர்ந்தது டான்ஸிடம்தான். அவர் முதன்முதலில் கைவைத்த வேலைகளில் ஒன்று அந்தப் பக்கம். வசதி வந்தபின் அந்த வீட்டையே வாங்கி, குருவின் வேலையைத் தொடாமல் வைத்துக்கொண்டு, மீதியைத் தன் விருப்பப்படி 1804க்குள் கட்டி முடித்தார்.

முகப்பின் எதிரே கொஞ்ச நேரம் நில்லுங்கள். சுவரைவிட்டு முன்னால் வந்து நிற்கும், தலைப்பில் சுருள் வடிவம் கொண்ட நான்கு பெரிய அயோனியத் தூண்கள். அவை கூரையையோ மாடத்தையோ தாங்கவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெண் சிலை நிற்கிறது, அவ்வளவுதான். ரோமாபுரியின் வெற்றி வளைவை எடுத்து ஒரு தனிமனிதனின் வீட்டு வாசலில் வைத்த மாதிரி. சிலைகள் உளியால் செதுக்கியவை அல்ல. எலினார் கோட் என்ற பெண்மணி லாம்பெத்தில் நடத்திய தொழிற்சாலையில், களிமண் கலவையை அச்சில் வார்த்துச் சூளையில் சுட்ட செயற்கைக் கல். இருநூறு ஆண்டு மழைக்கும் பனிக்கும் அது ஈடுகொடுத்து நிற்கிறது.

வாசலைத் தாண்டியதும் வரும் நடையில் இடம் குறுகல், உயரம் அதிகம், வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுகிறது. சுவரெல்லாம் பளிங்கு போலத் தீட்டியது. அப்புறம் காலை உணவு அறை: மேலே வானம் தீட்டிய தட்டையான கும்மட்டம், நான்கு மூலையிலும் பெண் உருவங்கள். அங்கிருந்து டான்ஸ் கட்டிய பகுதிக்குள் நுழைந்தால் அறை அகன்று, மேல்தளத்தில் மென்மையான சுதை வேலை தெரியும். குருவும் சீடனும் வெவ்வேறு மனிதர்கள் என்று உடனே புரியும். இதற்கு எந்த விளக்கப் பலகையும் வேண்டியதில்லை.

இந்த வீட்டின் சோகமும் பெரிது. சோன் இதைக் கட்டியது பொழுதுபோக்குக்கு மட்டுமில்லை. இரண்டு மகன்களும் இங்கே வளர்ந்து கட்டடக் கலைஞர்களாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். அது நடக்கவில்லை. 1810இல் வீட்டை விற்றுவிட்டார். 1815இல் இளைய மகன் ஜார்ஜ் பெயர் போடாமல் பத்திரிகையில் அப்பாவின் கட்டடங்களைத் தாக்கி எழுதினான்; அந்த ஆண்டே சோனின் மனைவி எலிசா இறந்தார். மகனை சோன் கடைசிவரை மன்னிக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு அந்த முகப்பைத் திரும்பப் பார்த்தால், அதில் ஒரு தகப்பனின் எதிர்பார்ப்பும் இருப்பது தெரியும்.

பிறகு வந்தவர்கள் பற்றி: 1812இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலின் மகள்கள் இங்கே நெடுங்காலம் வாழ்ந்தார்கள். 1900இல் ஈலிங் நகர நிர்வாகம் வாங்கி நூலகமாக்கியது. அப்போது பின்புறத்துக் கண்ணாடித் தாழ்வாரம் இடிபட்டது. நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2019இல் வீடு மறுபடி திறந்தது. இப்போது நீங்கள் பார்க்கும் தாழ்வாரம் புதிதாகக் கட்டியது. மாடி அறையின் சீன பாணிச் சுவர்த்தாளும் மறுபடி செய்ததுதான். வேலை நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் பழசையே பார்க்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

செலவு: பேடிங்டனிலிருந்து எலிசபெத் லைனில் ஈலிங் பிராட்வே சுமார் பத்து நிமிடம், பிறகு நடை. சக்கர நாற்காலிக்கு வசதி உண்டு. சுற்றியுள்ள வால்போல் பூங்கா இலவசம், குழந்தைகள் ஓடலாம். எதிர்பாராமல் வரும் தொல்லை என்றால், திருமணம் போன்ற நிகழ்ச்சிகளுக்கும் இந்த வீட்டை வாடகைக்கு விடுவதுதான். சில நாள்களில் சில அறைகள் மூடியிருக்கலாம். கிளம்புமுன் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, அறைகளில் சோன் காலத்துச் சாமான்கள் அதிகம் இல்லை. கட்டில், மேசை, பாத்திரம் பார்க்க ஆசைப்பட்டுப் போனால் ஏமாற்றம்தான்.

## சாண்டிகூம் லாட்ஜ், ட்விக்கன்ஹேம்

ஓவியர் டர்னர் தன் கையால் வரைந்து கட்டிய வீடு. 1807இல் நிலம் வாங்கினார், 1813 வாக்கில் வீடு முடிந்தது. நடுவில் இரண்டு மாடி, இருபுறமும் ஒற்றை மாடிச் சிறகுகள், நீட்டிய கூரை விளிம்பு. உள்ளே வளைவுகள், மேலிருந்து வெளிச்சம் விழும் மாடிப்படி. சோனின் சாயல் கண்ணுக்குத் தெரியும். இருவரும் நண்பர்கள், இருவரும் ராயல் அகாடமியில் பேராசிரியர்கள், இருவருக்கும் மீன்பிடிப்பதில் பைத்தியம்.

டர்னரின் அப்பா வில்லியம் முடிதிருத்துபவர். வயதான காலத்தில் மகனோடு இங்கே வந்து, சமையலும் தோட்டமும் பார்த்துக்கொண்டார். லண்டனில் இருந்த மகனுடைய ஓவியக்கூடத்தைத் திறந்து வைப்பதும் அவர் பொறுப்பு. லண்டன் போகும் வண்டிக் கூலி அதிகம் என்று கவலைப்பட்டவர், சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் தோட்டக்காரர் ஒருவருக்கு ஒரு கோப்பை ஜின் வாங்கிக் கொடுத்து அவர் வண்டியில் ஏறிப் போவாராம். அந்த அடித்தளச் சமையலறையில் நிற்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது புகழ்பெற்ற ஓவியர் அல்ல, இந்தக் கிழவர்தான். தோட்ட ஈரத்தில் அவருக்கு அடிக்கடி சளி பிடித்ததும் வீட்டை 1826இல் விற்றதற்கு ஒரு காரணம். மூன்று ஆண்டுகளில் அவரும் போய்விட்டார்.

பிற்காலத்தில் சிறகுகளுக்கு மேல் மாடி எழுப்பினார்கள், செங்கல்லை வெள்ளைப் பூச்சால் மூடினார்கள். இரண்டாம் உலகப் போரில் இது சிறு தொழிற்கூடமாக இயங்கியது. 1947இல் இதை வாங்கிய பேராசிரியர் ஹரால்ட் லிவர்மோர், 2010இல் இறக்கும்போது ஓர் அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். 2016–17 சீரமைப்பில் கூடுதல் மாடிகளையும் பூச்சையும் அகற்றி, டர்னர் கட்டிய உருவத்துக்கே கொண்டு வந்தார்கள். ஒரு கட்டடத்திலிருந்து எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்து செய்த வேலை இது. மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

வீடு மிகச் சிறியது. நிதானமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வாரத்தில் சில நாள்கள்தான் திறப்பு, அடித்தளத்துக்கும் மாடிக்கும் படி ஏறி இறங்க வேண்டும். டர்னர் காலத்தில் ஜன்னலிலிருந்து தேம்ஸ் தெரிந்தது. இன்று சுற்றிலும் வீடுகள். ஆகவே இதற்காக மட்டும் தொலைவிலிருந்து வருவது கொஞ்சம் அதிகம். வாட்டர்லூவிலிருந்து செயின்ட் மார்கரெட்ஸ் வந்து, பக்கத்திலுள்ள மார்பிள் ஹில்லையும் சேர்த்துக்கொண்டால் நாள் நிறையும். அது 1720களின் வில்லா. ஒரு நூற்றாண்டில் ரசனை எப்படி மாறியது என்பதை நடந்தே பார்த்துவிடலாம்.

## சீசின்கோட், க்ளஸ்டர்ஷர்

இங்கேதான் நமக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. வங்காளத்தில் கம்பெனி வேலையிலும் வணிகத்திலும் பணம் சேர்த்துத் திரும்பிய சார்லஸ் காக்கரெல், அண்ணனிடமிருந்து வந்த இந்த எஸ்டேட்டில் 1805 வாக்கில் வீடு எழுப்பினார். வரைந்தவர் இன்னொரு சகோதரர் சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் க்ளஸ்டர்ஷர் மேய்ச்சல் நிலத்தின் நடுவே செம்புத் தகட்டு முகலாயக் கும்மட்டம், மூலைகளில் சத்ரிகள் என்னும் குடை மண்டபங்கள், சுவரைத் தாண்டி நீளும் சஜ்ஜாவின் ஆழமான நிழல், மயில்தோகை விரிந்த ஜன்னல்கள், வளைந்து செல்லும் கண்ணாடி மண்டபம்! உள்ளே போனால் ஒன்றுமே இந்தியா இல்லை. முழுக்க அந்தக் கால ஐரோப்பிய அறைகள். இந்தியா வெளிச்சுவரோடு நின்றுவிட்டது. அந்தப் பணம் வங்காளத்திலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து யோசித்தால் இது கனமான விஷயம்.

தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியல். அவரும் அண்ணன் மகன் வில்லியமும் 1792–93இல் தென்னாட்டில் சுற்றியவர்கள். மதுரை, பாபநாசம் அருவி, இராமேஸ்வரம், தஞ்சாவூர் எல்லாம் அவர்கள் ஓவியத்தில் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலையும் அங்குள்ள பெரிய நந்தியையும் நேரில் பார்த்து வரைந்தவர், சீசின்கோட்டில் ஓடைக்கு மேல் பாலம் அமைத்து அதன் கைப்பிடிச் சுவரில் நந்திகளை உட்கார வைத்தார். மேலே சூரியனுக்கு ஒரு சிறு கோயில், கீழே குளத்தில் மூன்று தலைப் பாம்பு. பாலத்தின் அடியில் நின்றால் எலிபெண்டா குகையை நினைவூட்டும் குட்டைத் தூண்கள். பச்சைக் குன்றும் தேவதாரு மரமும் நடுவில் காளை அமைதியாகப் படுத்திருப்பதைத் தமிழர் ஒருவர் பார்க்கும்போது வரும் உணர்ச்சி வேறு யாருக்கும் வராது. பெருமையும் உறுத்தலும் சேர்ந்தே வரும்.

வரலாற்றிலும் இது முக்கியம். 1807இல் இளவரசர் ஜார்ஜ் இங்கே வந்து பார்த்தார். பிறகு 1815 முதல் கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் பிரைட்டனில் அவருக்காகக் கட்டிய கும்மட்ட அரண்மனைக்கு இந்த வீடு ஒரு தூண்டுகோல்.

இப்போது கசப்பான கணக்கு. இது இன்றும் ஒரு குடும்பம் வாழும் தனியார் வீடு. தோட்டம் ஆண்டின் பெரும்பகுதி குறிப்பிட்ட நாள்களில் திறக்கும். வீட்டுக்குள் போவதற்கு வெயில் காலத்தில் சில பிற்பகல்கள் மட்டும்தான், அதுவும் வழிகாட்டியோடு. குழந்தைகளை அனுமதிப்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பேடிங்டனிலிருந்து மோர்டன்-இன்-மார்ஷ் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து டாக்ஸி. கிராமத்து டாக்ஸி நின்ற இடத்தில் கிடைக்காது, திரும்புவதற்கும் சேர்த்துச் சொல்லி வைக்க வேண்டும். டிக்கெட் விலையைப்போல் பல மடங்கு ரயிலுக்கே போய்விடும். நாலு பேர் காரில் போனால் மட்டுமே கணக்கு ஒத்துவரும். நடக்கத் தெம்பு இருந்தால் ஒரு வழி உண்டு: எஸ்டேட்டின் ஊடே பொது நடைபாதை போகிறது. மூடிய நாளிலும் அதிலிருந்து கும்மட்டம் தெரியும்.

## கீட்ஸ் வீடு, ஹாம்ஸ்டெட்

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இது கோயில். கட்டடத்துக்காக மட்டும் போவதானால் நான்காவது இடம்தான் கொடுப்பேன். 1814–16இல் இரண்டு நண்பர்கள் இரண்டு வீடுகளை ஒட்டிக் கட்டி, வெளியிலிருந்து ஒரே வில்லாவாகத் தெரியும்படி செய்தார்கள். அந்த யோசனை அருமை. நடுத்தர வருமானத்தில் வில்லா கனவை எட்டிப்பிடித்த விதம் அது. கவிஞர் கீட்ஸ் 1818 டிசம்பரிலிருந்து 1820 வரை ஒரு பாதியில் குடியிருந்தார். மறுபாதிக்குக் குடிவந்த ஃபேனி பிரானைக் காதலித்தார். ஆனால் 1838–39இல் எலைசா செஸ்டர் என்ற நடிகை நடுச்சுவரைத் திறந்து, பக்கத்தில் ஓர் அறையும் சேர்த்துவிட்டார். அதனால் இன்று உள்ளே நடக்கும்போது அந்த இரட்டை வீட்டுச் சாமர்த்தியம் சட்டென்று பிடிபடாது. 1925லிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது.

## க்ராங்க்ஹில், ஷ்ராப்ஷர்

நாஷ் 1802 வாக்கில் வரைந்தது. ஒரு வட்டக் கோபுரம், ஒரு சதுரக் கோபுரம், வளைவுத் தாழ்வாரம். இருபுறமும் சமமாக இருக்க வேண்டும் என்ற விதியைத் துணிந்து உடைத்த வீடு. ஆண்டில் சில நாள்கள் மட்டுமே திறக்கும். அந்த நாள் உங்கள் பயணத்தோடு தற்செயலாகப் பொருந்தினால் போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

## ஒரு பார்வையில்

| வீடு | மூல வடிவம் | லண்டனிலிருந்து | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| பிட்ஸ்ஹேங்கர் | முகப்பும் முக்கிய அறைகளும் நன்று. தாழ்வாரம் புதிது | மிக அருகில் | நிகழ்ச்சி நாள்களில் மூடிய அறைகள் | முதல்முறை வருபவர், முதியோர், குடும்பம் |
| சாண்டிகூம் | ஏறக்குறைய முழுமை | அருகில் | படிகள். சீக்கிரம் முடிந்துவிடும் | மாணவர், ஓவிய ஆர்வலர் |
| சீசின்கோட் | வெளிப்புறம் சிறப்பு | அரை நாள் பயணம் | ரயில், டாக்ஸி, குறைந்த திறப்பு நாள் | கார் உள்ளவர், இந்தியத் தொடர்பு தேடுபவர் |
| கீட்ஸ் வீடு | 1830களில் மாறியது | அருகில் | கட்டடம் படிக்கச் சிரமம் | இலக்கிய வாசகர் |
| க்ராங்க்ஹில் | நல்ல நிலை | தொலைவு | பெரும்பாலும் மூடியிருக்கும் | நாள் பொருந்தியவர் |

## என் பரிந்துரை

பெற்றோரை அழைத்துப் போகிறீர்கள், அல்லது இந்தக் காலத்துக் கட்டடத்தை இதுவரை பார்த்ததில்லை என்றால் யோசிக்காமல் பிட்ஸ்ஹேங்கர். உட்கார இடமுண்டு, லிஃப்ட் உண்டு, மழை வந்தாலும் நாள் வீணாகாது. தனியாகப் போகிறீர்கள், அமைதியாக ஒரு வீட்டுக்குள் நின்று பார்க்க ஆசை என்றால் சாண்டிகூம். எனக்கு மனத்துக்கு நெருக்கமானது அதுதான், ஆனாலும் முதல் வீடாக அதைச் சொல்ல மாட்டேன். சோனைப் பார்த்துவிட்டுப் போனால்தான் டர்னர் எதை எடுத்துக்கொண்டார், எதைச் சுருக்கினார் என்பது புரியும்.

சீசின்கோட்டுக்கு ஒரு நாளை ஒதுக்குவதானால் வீடு திறக்கும் பிற்பகலை முதலில் உறுதி செய்துகொண்டு, அதன்பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். தோட்டம் மட்டும் போதும் என்றாலும் பரவாயில்லை, நந்திப் பாலம் தோட்டத்தில்தான் இருக்கிறது.

பிட்ஸ்ஹேங்கரை மதியத்துக்குள் முடித்தவர்கள் டியூபில் ஹோல்பர்னுக்குப் போய், லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் உள்ள சோனின் நகர வீட்டையும் பார்த்துவிடலாம். அனுமதி இலவசம். 1833இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமே அதை அருங்காட்சியகமாக்கிவிட்டார், மகன் ஜார்ஜின் கைக்குப் போகாமல் இருப்பதற்காகவும்தான். ஹோகார்த் வரைந்த எட்டு ஓவியங்கள், ஊதாரி மகன் ஒருவன் அப்பா சொத்தை அழிக்கும் கதை, முன்பு ஈலிங் வீட்டில் மாட்டியிருந்தவை. இப்போது இந்த நகர வீட்டில்தான் இருக்கின்றன. ஓவிய அறையின் சுவர்ப் பலகைகளைப் பணியாளர்கள் கதவு போலத் திறந்து காட்டும் நேரத்தை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.